வரலாற்றில் இன்று: தேதியில் மட்டும் தடுமாறும் ஒரு செயலி

கைபேசியில் ‘வரலாற்றில் இன்று’ வகைச் செயலிகளுக்குப் பஞ்சமே இல்லை. அவற்றில் ஒன்றைக் கொஞ்ச காலமாகப் பயன்படுத்தி வருகிறேன். பெயரைச் சொல்லப் போவதில்லை. இதில் உள்ள குறைகளில் பாதி மற்றவற்றிலும் அப்படியே இருக்கிறது. எல்லாரும் ஒரே இடத்திலிருந்து அள்ளிப் போடுகிறார்களோ என்று எனக்குச் சந்தேகம். கீழே சொல்லும் சோதனைகளை உங்கள் கையில் இருக்கும் செயலியிலும் நீங்களே செய்து பார்க்கலாம்.

இந்த விஷயத்தில் எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று கேட்டால், நாளிதழ் ஒன்றில் உதவி ஆசிரியராக இருந்தபோது ‘வரலாற்றில் இன்று’ பெட்டிச் செய்தியை நிரப்பியவன் நான். ஒரு பத்தி அகலம், ஐந்து வரி. கடைசி நேரத்தில் விளம்பரம் வந்துவிட்டால் மூன்று வரி. எதைச் சேர்ப்பது என்பதை விட எதை வெட்டுவது என்பதுதான் பெரிய வேலை. வாசகர்கள் தலையங்கத்தில் கோட்டை விட்டால்கூட மன்னித்துவிடுவார்கள். அந்த ஐந்து வரியில் ஒரு தேதி பிசகினால் மறுநாள் காலையிலேயே தொலைபேசி அடிக்கும். அதனால் இப்படி ஒரு செயலியைத் திறந்தவுடன் எனக்குத் தெரிந்த வில்லங்கமான தேதிகளைத் தேடித்தான் விரல் போகும்.

முதலில் வெளித்தோற்றம். நன்றாகவே இருக்கிறது. நிகழ்வுகள், பிறப்பு, மறைவு என்று மூன்று தாவல்கள். எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம், இணையம் இல்லாவிட்டாலும் திறக்கும், முன்னும் பின்னும் தேதியை நகர்த்தலாம். பகிர்வதற்கு அழகான அட்டை செய்து தருகிறது. பிறப்பு, மறைவுத் தாவல்களில் நடிகர்களும் கால்பந்து வீரர்களும்தான் முக்கால்வாசி இடத்தைப் பிடித்திருக்கிறார்கள். பிப்ரவரி 12-ஐத் திறந்து, 1809-இல் ஒரே நாளில் பிறந்த டார்வினையும் லிங்கனையும் கண்டுபிடிப்பதற்குள் கட்டைவிரல் ஓய்ந்துவிடுகிறது.

சரி, உள்ளடக்கத்துக்கு வருவோம். என்னை இந்தச் செயலியை நீக்கவிடாமல் தடுத்தது ஏப்ரல் 18-ஆம் தேதிப் பக்கம்.

1930-ஆம் ஆண்டு அந்தத் தேதி புனித வெள்ளி. அன்று மாலை பிபிசி வானொலியில் செய்தி நேரம் வந்தது. அறிவிப்பாளர் “இன்று செய்தி எதுவும் இல்லை” என்று சொல்லி முடித்துக்கொண்டார். மீதி நேரத்துக்குப் பியானோ வாசித்தார்கள். இது பலருக்கும் தெரிந்த, சிரித்துக்கொண்டே பகிரப்படும் தகவல். செயலியில் அதற்கு இரண்டு உருப்படிகள் கீழே அதே 1930 இருக்கிறது: வங்காளத்தின் சிட்டகாங் நகரில் ஆங்கிலேய ஆட்சியின் ஆயுதக் கிடங்குகள் மீது நடந்த தாக்குதல். சூர்யா சென் தலைமையில் புரட்சியாளர்கள் இரவு பத்து மணிவாக்கில் இறங்கினார்கள். போலீஸ் ஆயுதக் கிடங்கு ஒரு பக்கம், துணைப்படையின் கிடங்கு இன்னொரு பக்கம். துப்பாக்கிகள் கிடைத்தன, தோட்டாக்கள் கிடைக்கவில்லை. ஐரோப்பியர் கிளப்பைத் தாக்கப் போனவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள், ஏனென்றால் புனித வெள்ளி என்பதால் அங்கே ஆளே இல்லை. தந்தி, தொலைபேசித் தொடர்பைத் துண்டித்ததும் திட்டத்தின் ஒரு பகுதிதான்.

இப்போது கடிகாரத்தைப் பாருங்கள். வங்காளத்தில் இரவு பத்து மணி என்றால் லண்டனில் அப்போது பிற்பகல்தான். அதாவது, “செய்தி எதுவும் இல்லை” என்று வானொலி சொல்வதற்குச் சில மணி நேரம் முன்பே, அதே பேரரசின் இன்னொரு மூலையில் ஆயுதக் கிடங்கு எரிந்துகொண்டிருந்தது. கிளப் காலியாக இருந்ததற்கும் செய்தி அறை காலியாக இருந்ததற்கும் காரணம் ஒரே விடுமுறை.

இந்த இரண்டையும் தனித்தனியாகப் பல வருடம் பெட்டியில் போட்டிருக்கிறோம். ஒன்று வேடிக்கைச் செய்தி, இன்னொன்று விடுதலைப் போராட்டச் செய்தி, இரண்டுக்கும் வேறு வேறு கோப்பு. ஒரே திரையில் மேலும் கீழுமாகப் பார்த்தால்தான் உறைக்கிறது. அதே பக்கத்தில் 1955-க்குப் போனால் ஐன்ஸ்டைன் பிரின்ஸ்டனில் இறந்த நாளும், இருபத்தொன்பது நாடுகள் கூடிய பாண்டுங் மாநாடு தொடங்கிய நாளும் அதுவே. நாள்வாரியாக வரலாற்றைப் படிப்பதில் ஏதாவது லாபம் உண்டு என்றால் அது இதுதான். ஆனால் ஒன்று: 1930-இன் இரண்டு உருப்படிகளையும் செயலி இணைத்துக் காட்டவில்லை. இணைத்துப் பார்த்தது நான். நடுவில் ஒரு கார் நிறுவனத்தின் விளம்பரம் வேறு.

நவம்பர் 9 இன்னொரு நல்ல பக்கம். ஜெர்மனிக்கு அது விதியின் நாள் என்றே சொல்வார்கள். 1918-இல் பேரரசர் பதவி விலகியதாக அறிவிக்கப்பட்டு, பெர்லினில் குடியரசு பிரகடனம் ஆனது. 1923-இல் ம்யூனிக்கில் ஹிட்லரின் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி தெருவில் சுடப்பட்டு முடிந்தது. 1938-இல் யூதர்களின் கடைகளும் வழிபாட்டிடங்களும் நொறுக்கப்பட்ட இரவு. 1989-இல் பெர்லின் சுவர் திறந்தது. இதையெல்லாம் தற்செயல் என்று ஒதுக்கிவிட முடியாது. 1938-இல் நாஜித் தலைவர்கள் அன்று ம்யூனிக்கில் கூடியிருந்ததே 1923-இன் நினைவு நாளைக் கொண்டாடத்தான். பிரசார அமைச்சர் கோயபல்ஸ் தூண்டிவிட்டது அந்தக் கூட்டத்தில்தான். பிறகு இரண்டு ஜெர்மனிகளும் இணைந்தபோது, சுவர் விழுந்த நாளையே தேசிய நாளாக வைக்கலாம் என்ற யோசனைக்கு இந்தப் பழைய நவம்பர் 9-கள்தான் குறுக்கே நின்றன. கடைசியில் அக்டோபர் 3 தேசிய நாளானது. செயலி நான்கு உருப்படிகளையும் கொடுக்கிறது, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக வழி கொடுக்கவில்லை. ஒரே ஒரு வரி, ‘1923-ஐப் பார்க்க’ என்று போட்டிருந்தால் போதும்.

இனி குறைகள். பட்டியலில் எத்தனை ஆயிரம் நிகழ்வு இருக்கிறது என்று விளம்பரப்படுத்துகிறார்கள். இந்த மாதிரிச் செயலி நமக்குத் தருவது ஒன்றே ஒன்றுதான்: தேதி. நிகழ்வைப் பற்றித் தெரிந்துகொள்ள ஆயிரம் இடம் உண்டு. தேதியில் கவனமில்லை என்றால் மற்றது எவ்வளவு இருந்தும் என்ன பிரயோசனம்?

1917 ரஷ்யப் புரட்சியைத் தேடுங்கள். அக்டோபர் 25-இல் ‘அக்டோபர் புரட்சி தொடங்கியது’ என்று இருக்கிறது. நவம்பர் 7-இல் ‘போல்ஷெவிக்குகள் ஆட்சியைப் பிடித்தனர்’ என்று இருக்கிறது. ஒரே இரவு, இரண்டு பதிவு. விஷயம் தெரியாதவர் நடுவில் பதின்மூன்று நாள் சண்டை நடந்தது என்றுதான் நினைப்பார். ரஷ்யா அப்போது ஜூலியன் என்ற பழைய நாட்காட்டியில் இருந்தது; நாம் இன்று பயன்படுத்தும் கிரிகோரியன் என்ற புதிய நாட்காட்டிக்கு அது பதின்மூன்று நாள் பின்னால். 1918-இல் ஜனவரி 31-க்கு அடுத்த நாளைப் பிப்ரவரி 14 என்று அறிவித்துத்தான் மற்றவர்களோடு சேர்ந்துகொண்டது. அதனால்தான் சோவியத் ஒன்றியம் அக்டோபர் புரட்சியின் ஆண்டு விழாவை நவம்பரில் கொண்டாடியது. இதைச் சொல்ல அடைப்புக்குறிக்குள் ‘பழைய நாட்காட்டி’ என்று இரண்டு சொல் போதும்.

நியூட்டனைத் தேடினால் இன்னும் வேடிக்கை. டிசம்பர் 25, 1642 என்று காட்டுகிறது. அது இங்கிலாந்தில் அப்போது இருந்த பழைய நாட்காட்டிக் கணக்கு. கலிலியோ மறைவு ஜனவரி 8, 1642 என்று காட்டுகிறது. அது இத்தாலி அதற்குள் மாறிவிட்ட புதிய நாட்காட்டிக் கணக்கு. ‘கலிலியோ மறைந்த அதே ஆண்டில் நியூட்டன் பிறந்தார்’ என்று ஒரு துணுக்கும் தயார் செய்து வைத்திருக்கிறார்கள், பகிர்வதற்கு வசதியாக. இரண்டையும் புதிய கணக்கில் போட்டால் நியூட்டன் பிறந்தது ஜனவரி 4, 1643. இரண்டையும் பழைய கணக்கில் போட்டால் கலிலியோ இறந்தது டிசம்பர் 29, 1641. எந்தக் கணக்கில் எடுத்தாலும் ஆண்டு வேறு. ஒருவருக்கு ஒரு நாட்காட்டி, மற்றவருக்கு வேறு நாட்காட்டி என்று வைத்தால்தான் அந்தத் துணுக்கு நிற்கும்.

ஏப்ரல் 23-உம் இதே கதைதான். 1616-இல் ஷேக்ஸ்பியரும் ஸ்பானிய எழுத்தாளர் செர்வாண்டிசும் ஒரே நாளில் மறைந்தார்களாம். ஷேக்ஸ்பியரின் ஏப்ரல் 23 இங்கிலாந்தின் பழைய கணக்கில். ஸ்பெயினில் அன்று மே 3. செர்வாண்டிஸ் இறந்தது ஏப்ரல் 22, அடக்கம் செய்ததுதான் 23. யுனெஸ்கோ அந்தத் தேதியை உலகப் புத்தக நாளாக எடுத்துக்கொண்டதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அழகான தேதி, இருக்கட்டும். தகவல் செயலி என்று சொல்லிக்கொள்பவர்கள் கொஞ்சம் கூடுதலாக மெனக்கெட வேண்டாமா?

விளையாட்டாக இன்னொன்றும் செய்து பார்த்தேன். 1582-இல் ஸ்பெயின், இத்தாலி போன்ற கத்தோலிக்க நாடுகள் புதிய நாட்காட்டிக்கு மாறியபோது அக்டோபர் 4-க்கு அடுத்த நாள் அக்டோபர் 15. நடுவில் பத்து நாள் கிடையாது. ஆவிலாவின் புனிதத் தெரசா அந்த இரவில்தான் இறந்தார் என்பதால், அவருடைய மறைவு நாளைக் குறிப்பதே ஒரு தனி வேடிக்கை. செயலியில் அவர் அக்டோபர் 4-இல் இருக்கிறார், அவருடைய திருநாள் அக்டோபர் 15-இல் இருக்கிறது, ஏன் என்று ஒரு வார்த்தை இல்லை. ஸ்வீடனில் 1712-இல் பிப்ரவரி 30 என்று ஒரு நாள் நிஜமாகவே இருந்தது. அதைத் தேடிப் போனால் ‘தவறான தேதி’ என்று என்னையே திட்டுகிறது.

அப்புறம் நேர மண்டலம். டிசம்பர் 7, 1941: ஹவாயில் பேர்ல் துறைமுகத்தின் மீது ஜப்பானியர் தாக்குதல். டிசம்பர் 8, 1941: மலாயாவில் கோத்தா பாருவில் ஜப்பானியர் தரையிறக்கம். வரிசையைப் பார்த்தால் முதலில் ஹவாய், மறுநாள் மலாயா என்று தோன்றும். நடந்தது தலைகீழ். மலாயாவில் நள்ளிரவு தாண்டிச் சற்று நேரத்தில் தாக்குதல் தொடங்கிவிட்டது. ஹவாயில் குண்டு விழுந்தது அதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கழித்து. நடுவில் சர்வதேசத் தேதிக் கோடு இருப்பதால் முந்தியது பிந்தியதாகவும் பிந்தியது முந்தியதாகவும் அச்சாகிறது. மலாயாவில் குடும்பம் இருந்தவர்களுக்கு எந்தப் போர் முதலில் வந்தது என்பது சின்ன விஷயம் இல்லை.

நிலவில் கால் வைத்ததும் அப்படித்தான். ஹூஸ்டனில் ஜூலை 20 இரவு. உலகப் பொது நேரப்படி ஜூலை 21 அதிகாலை 2.56. முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக் ஏவப்பட்டது அக்டோபர் 4, 1957 என்று உலகமே சொல்கிறது. ஏவுதளத்து உள்ளூர் நேரப்படி நள்ளிரவு தாண்டி 5-ஆம் தேதி ஆகிவிட்டது. ஒவ்வொன்றுக்கும் எந்த ஊர்க் கடிகாரம் என்று ஒரு குறிப்பு இருந்தால் போதும். இந்தச் செயலியில் அது எங்குமே இல்லை.

இரவில் நடந்தவற்றுக்காவது ஒரு முறை வைத்திருக்கிறார்களா என்று பார்த்தேன். டைட்டானிக்கை ஒழுங்காகப் பிரித்திருக்கிறார்கள்: ஏப்ரல் 14 இரவு பனிப்பாறையில் மோதியது, 15 அதிகாலை மூழ்கியது. போபால் விஷவாயு டிசம்பர் 3-இல் மட்டும் இருக்கிறது. 2-ஆம் தேதி இரவிலேயே கசிவு தொடங்கியது சொல்லப்படவில்லை. 1981-இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டது மே 31-க்கும் ஜூன் 1-க்கும் இடைப்பட்ட இரவில். இரண்டு பக்கத்தையும் கடைசிவரை உருட்டினேன். இல்லை. அதே மே 31-இல் ஒரு கணினி விளையாட்டு வெளியான நாள் இருக்கிறது.

இதையெல்லாம் விட என்னை எரிச்சலூட்டியது செயலியின் குரல். எல்லாவற்றையும் ஒரே உறுதியோடு சொல்கிறது. ‘ஏப்ரல் 21, கிமு 753: ரோம் நகரம் நிறுவப்பட்டது.’ அது மரபுக் கதை. ‘ஜூலை 4, 1776: அமெரிக்க விடுதலைப் பிரகடனம் கையெழுத்தானது.’ விடுதலைக்கு வாக்களித்தது ஜூலை 2. வாசகத்தை ஏற்றது ஜூலை 4. பெரும்பாலானோர் கையெழுத்திட்டது ஆகஸ்ட் 2. இனி ஜூலை 2-ஐத்தான் தலைமுறை தலைமுறையாகக் கொண்டாடுவார்கள் என்று அந்தத் தலைவர்களில் ஒருவரான ஜான் ஆடம்ஸ் மனைவிக்குக் கடிதமே எழுதினார். அந்த ஆடம்ஸும், பிரகடனத்தை எழுதிய ஜெஃபர்சனும் சரியாக ஐம்பதாவது ஆண்டு ஜூலை 4-இல் ஒரே நாளில் இறந்ததை மட்டும் செயலி மறக்காமல் போட்டிருக்கிறது.

வெசுவியஸ் எரிமலைதான் உச்சம். ‘ஆகஸ்ட் 24, கிபி 79’ என்று ரோமானிய நகரமான பொம்பெய் அழிந்த நாளைப் போட்டு, சிவப்பு எழுத்தில் ‘முக்கிய நிகழ்வு’ என்று முத்திரையும் குத்தியிருக்கிறார்கள். இந்தத் தேதி ரோமானிய எழுத்தாளர் இளைய பிளினி, வரலாற்றாசிரியர் டாசிடஸுக்கு எழுதிய கடிதத்திலிருந்து வருகிறது. மூலக் கடிதம் நம்மிடம் இல்லை; பல நூற்றாண்டுக்குப் பிந்தைய கைப்பிரதிகள்தான் உண்டு, அவற்றிலும் தேதி ஒன்றுபோல் இல்லை. மாதுளை போன்ற இலையுதிர்காலப் பழங்களும், அறையைச் சூடாக்கும் கணப்புச் சட்டிகளும் அகழ்வில் கிடைத்தபோதே ஆகஸ்ட் மீது சந்தேகம் இருந்தது. 2018-இல் பொம்பெயில் ஒரு வீட்டுச் சுவரில் கரித்துண்டால் எழுதிய ஒரு வரி வெளிப்பட்டது. நவம்பர் முதல் நாளுக்குப் பதினாறு நாள் முன் என்று ரோமானியக் கணக்கில் எழுதியிருக்கிறது, அதாவது அக்டோபர் 17. ஆண்டு இல்லை. ஆனால் கரியால் எழுதியது சுவரில் ஒரு வருடம் தாக்குப்பிடிக்காது என்பதால், அது எரிமலை வெடித்த அதே ஆண்டாக இருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்கள் சிலர் வாதம். அப்படியானால் அந்த மனிதர் சுவரில் கிறுக்கும்போது ஆகஸ்ட் 24 கடந்து ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகியிருக்கும். அக்டோபர் 24-ஐ இப்போது பலர் சொல்கிறார்கள். செயலியில் அக்டோபர் 24-ஐத் திறந்து பார்த்தேன், வெசுவியஸ் பேச்சே இல்லை. பிழை தெரிவிக்கும் பொத்தான் இருக்கிறது. எழுதி அனுப்பினேன். ‘உங்கள் கருத்துக்கு நன்றி, ஐந்து நட்சத்திரம் கொடுங்கள்’ என்று பதில் வந்தது.

தேர்வு பற்றியும் சொல்ல வேண்டும். காலை அறிவிப்பில் ஒரே ஒரு நிகழ்வைத்தான் அனுப்புகிறார்கள், அதிகம் பேர் படிப்பது எதுவோ அது. செப்டம்பர் 11 என்றால் எப்போதும் 2001. அது வரத்தான் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் அதே தேதியில் 1893-இல் விவேகானந்தர் சிகாகோவில் பேசினார். 1906-இல் ஜோகன்னஸ்பர்க்கின் எம்பயர் தியேட்டரில் கூடிய இந்தியர்கள், தங்களைக் கட்டாயமாகப் பதிவு செய்யச் சொல்லும் சட்டத்துக்குப் பணிவதில்லை என்று காந்தியோடு சேர்ந்து உறுதிமொழி எடுத்தார்கள். 1973-இல் சிலியில் ராணுவம் அதிபர் அயெந்தேயின் அரசைக் கவிழ்த்தது. ஒரு வருடம் ஒன்று என்று மாற்றி மாற்றி அனுப்பினால் என்ன குறைந்துவிடும்? நாங்கள் பெட்டியில் அப்படித்தான் செய்தோம். போன வருடம் போட்டதை இந்த வருடம் போடக்கூடாது என்பது எழுதப்படாத சட்டம்.

ஆகஸ்ட் 6 காலையில் வந்த அறிவிப்பை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை. ‘இன்றைய சுவாரசியத் தகவல்!’ என்று தலைப்பு, பக்கத்தில் வண்ணக் காகிதம் தூவும் படம், கீழே ஹிரோஷிமா. எல்லா நாளுக்கும் ஒரே வார்ப்பு. மனிதன் ஒருவன் ஒரு நிமிடம் கண்ணை ஓட்டியிருந்தால் அது வெளியே போயிருக்காது. அன்றே அறிவிப்பை அணைத்துவிட்டேன். அமைப்புகளில் மூன்றாவது வரியில் இருக்கிறது, நீங்களும் அணைத்துவிடலாம்.

கட்டணப் பதிப்பும் உண்டு. அதில் விளம்பரம் போய்விடும், பகிரும் அட்டைக்குக் கூடுதல் வண்ணம் கிடைக்கும். தேதிகள் அதேதான், அதனால் வாங்க வேண்டாம்.

யாருக்கு இது உதவும்? வினாடி வினா நடத்துபவர்களுக்கும், காலை வணக்கக் கூட்டத்தில் பேசும் ஆசிரியர்களுக்கும் தொடக்கப் புள்ளியாக நல்லது. தொடக்கப் புள்ளியாக மட்டும். 1923-க்கு முந்தைய கிழக்கு ஐரோப்பிய நிகழ்வு, 1752-க்கு முந்தைய ஆங்கிலேய நிகழ்வு (இந்த இரண்டிலும் பழைய நாட்காட்டித் தேதி இருக்கலாம்), இரவில் நடந்தது, கிறிஸ்துவுக்கு முந்தையது, இந்த நாலில் எது வந்தாலும் வேறு இடத்தில் ஒரு முறை சரிபார்க்காமல் கரும்பலகையில் எழுத வேண்டாம்.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். அதில் ஒன்று முழுக்க ஏப்ரல் 18-க்கு.